குழந்தை கார் சீட் மாட்டுவது எப்படி: நான் கோட்டை விட்ட நீலக் கோடு

எங்கள் வீடு கடலூர் மஞ்சக்குப்பம். மாமியார் வீடு புதுச்சேரி முத்தியால்பேட்டை. பையன் பிறந்த புதிதில் அவனை மடியில் வைத்துக்கொண்டுதான் போய்வந்தோம். ஒரு நாள் சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தேன். 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றால், 10 கிலோ குழந்தை நம் கையை 140 கிலோ பாரம் போல இழுக்கும். 25 கிலோ அரிசிச் சிப்பம் ஐந்துக்கும் மேல். அந்த வாரமே சீட் வாங்கிவிட்டேன். ஆனால் மாட்டத் தெரியவில்லை. அதற்குத்தான் இந்தப் பதிவு.

படி 1: வாங்கும்போது

சீட்டின் பின்பக்கமோ அடியிலோ ஆரஞ்சு ஸ்டிக்கர் இருக்கிறதா பாருங்கள். வட்டத்துக்குள் E எழுத்து, பக்கத்தில் ஆர்44/04 அல்லது ஆர்129 (குழந்தை சீட்டுக்கான ஐ.நா. பாதுகாப்புத் தர எண்கள்). ஆர்44 எடைக் கணக்கு, ஆர்129 உயரக் கணக்கு. காரில் ஐசோஃபிக்ஸ் கொக்கி இருந்தால் (பின் சீட் இடுக்கில் கை விட்டால் இரும்பு வளையம் தட்டுப்படும்) யோசிக்காமல் அந்த வகையையே வாங்குங்கள். க்ளிக் என்று உட்கார்ந்து பச்சை காட்டினால் கொக்கி மாட்டிவிட்டது; சீட்டோடு ஊன்றுகாலோ மேல் பட்டையோ வந்தால் அதையும் பொருத்தினால்தான் வேலை முடிந்தது. என் பழைய காரில் அது இல்லை, பெல்ட்தான். ஒழுங்காக மாட்டினால் பெல்ட்டும் பத்திரம்தான். கப் ஹோல்டர், பொம்மை வளையத்துக்கெல்லாம் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். அடிபட்ட வண்டியிலிருந்து கழற்றியதா என்று தெரியாத பழைய சீட்டை யார் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

படி 2: எங்கே, எந்தப் பக்கம் பார்த்து

பின் சீட்டில், பின்பக்கம் பார்த்து. சின்னக் குழந்தைக்கு உடம்பு அளவுக்குத் தலை கனம் அதிகம், கழுத்து இளசு. திடீரென்று பிரேக் போட்டால் முதுகு, தலை, கழுத்து மூன்றையும் சீட்டின் ஓடு சேர்த்துத் தாங்கும். ஆர்129 விதிப்படி 15 மாதம் வரை இப்படித்தான். சீட்டின் அளவு இடம் கொடுத்தால் அதற்கப்புறமும் திருப்பாதீர்கள். கால் மடங்குகிறதே என்று பதற வேண்டாம், குழந்தைக்கு அது சுகம். ஏர்பேக் உள்ள முன் சீட்டில் பின்பார்த்த சீட் கூடவே கூடாது.

படி 3: பெல்ட் ஓடும் வழி

நான் சறுக்கிய இடம் இது. குழந்தையைப் பின்பார்த்தும் முன்பார்த்தும் வைக்கக்கூடிய சீட்டில் இரண்டு வழி உண்டு. பெரும்பாலான ஐரோப்பிய மாடல்களில் நீலக் குறி பின்பார்த்து வைக்க, சிவப்பு முன்பார்த்து வைக்க. நான் சீட்டைப் பின்பார்த்து வைத்துவிட்டு, கைக்கு எட்டிய சிவப்புத் துளையில் பெல்ட்டை விட்டு, க்ளிக் சத்தம் கேட்டதும் திருப்தியாகக் கிளம்பிவிட்டேன். கன்னியகோயில் தாண்டி ஒரு பைக் குறுக்கே வர, பிரேக் போட்டேன். சீட் அப்படியே சாய்ந்து முன் சீட்டின் முதுகில் இடித்தது. பையன் அழக்கூட இல்லை. எனக்குத்தான் கை நடுங்கியது. ஓரம் கட்டி, செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் அந்த நீலக் கோடு கண்ணில் பட்டது.

சரியான முறை: இடுப்புப் பெல்ட் நீல வழியில், குழந்தையின் கால் பக்கமாக. தோள் பெல்ட் சீட்டின் முதுகைச் சுற்றி. பக்கிள் மாட்டியதும் முழங்காலை சீட்டுக்குள் ஊன்றி உங்கள் எடையைப் போடுங்கள். முதலில் இடுப்புப் பெல்ட்டின் தொய்வை இழுங்கள், அப்புறம் தோள் பெல்ட்டை. முழங்கால் ஊன்றாமல் எவ்வளவு பலமாக இழுத்தாலும் இறுகாது.

சோதனை: பெல்ட் நுழையும் இடத்தில் பிடித்து ஆட்டுங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாது. மேல் முனையைப் பிடித்து ஆட்டிவிட்டு, ஆடுகிறதே என்று அரைநாள் மல்லுக்கட்டினேன். பின்பார்த்த சீட்டில் மேல் முனை கொஞ்சம் ஆடத்தான் செய்யும்.

படி 4: குழந்தையைக் கட்டுவது

பின்பார்த்தால், குழந்தை சீட்டிலேயே உள்ள ஸ்ட்ராப் தோள் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ வர வேண்டும். முன்பார்த்தால் தோள் மட்டத்திலோ சற்று மேலேயோ. இறுக்கியபின் காறை எலும்பின் மேல் ஸ்ட்ராப்பைக் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு விரலில் சிக்கினால் இன்னும் தொய்வு இருக்கிறது.

எங்கள் பையன் கட்டியதுமே வீல் என்று கத்துவான். “பச்சப் புள்ளைய இப்பிடிக் கட்டிப் போடுறீங்களே மாப்ள” என்று அத்தை ஒவ்வொரு தடவையும் ஸ்ட்ராப்பைத் தளர்த்திவிடுவார். ஒரு நாள் சட்டையைத் தூக்கிப் பார்த்தால், அரைஞாண் கொடியில் கோத்த தாயத்து பக்கிளுக்கு அடியில் அழுந்தி, வயிற்றில் சுண்டைக்காய் அளவுக்குச் சிவந்த தடம். தாயத்தை இடுப்புக்குப் பின்னால் தள்ளிவிட்டுக் கட்டினோம், அழுகை நின்றது. பெண் குழந்தைகளுக்குக் கல்யாண வீட்டுக்குப் போகும்போது பட்டுப்பாவாடையைக் காரில் போட்டுவிடாதீர்கள். கால் நடுவே வரும் ஸ்ட்ராப் சரியாக உட்காராது. இறங்கியபின் மாற்றிக்கொள்ளலாம்.

பின்சேர்க்கை 1: அபராதம் உண்டா என்று ஒருவர் கேட்டிருந்தார். உண்டு. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 194பி பிரிவுப்படி, 14 வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லையென்றால் 1000 ரூபாய்.

பின்சேர்க்கை 2: கத்திரி வெயிலில் நிறுத்திய காரில் பக்கிளின் இரும்பு நாக்கு பழுக்கக் காய்ந்திருக்கும். வெள்ளைத் துண்டு போட்டு மூடி வையுங்கள், கட்டுமுன் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். டீ குடிக்க இறங்கினாலும் குழந்தையைக் காரில் விட்டுப் போகாதீர்கள்.

பின்சேர்க்கை 3: “பின்பார்த்து வைத்தால் பெல்ட் நீளம் பத்தவில்லை” என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். சில கார்களில் அப்படித்தான். எக்ஸ்டென்டர் (பெல்ட்டை நீட்டும் துண்டு) போட்டு ஒட்டுப்போடாதீர்கள். கடைக்குக் காரிலேயே போய், அங்கேயே மாட்டி, முழங்கால் ஊன்றி இழுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் பணத்தைக் கொடுங்கள்.