‘ஆக’ வந்தால் ‘லி’ போடலாமா? ஆங்கில அட்வெர்பைப் பழகும் வழி

தமிழில் ஒரு சொல்லோடு ‘ஆக’ சேர்த்தால் வேலை முடிந்தது: வேகமாக, அழகாக, கோபமாக. ஆங்கிலத்தில் அதற்கு ஈடு, அதாவது அட்வெர்ப் (வினை எப்படி நடக்கிறது என்று சொல்லும் சொல்) ஆக்கும் வழி, ‘லி’ என்று பள்ளிக்கூடத்திலேயே மனதில் பதிந்துவிடுகிறது. ஸ்லோ என்றால் ஸ்லோலி, க்ளியர் என்றால் க்ளியர்லி. பல இடங்களில் இது சரியாகவே வரும், மற்ற இடங்களில் காலை வாரிவிடும். காரணம், நம்முடைய ‘ஆக’ இரண்டு வேலை பார்க்கிறது, அதில் ஒன்றை மட்டும்தான் ‘லி’ பார்க்கும்.

“அவள் அழகாக ஆடினாள்”, “அவள் அழகாக இருக்கிறாள்” இரண்டையும் பாருங்கள். முதலாவது ஆட்டத்தைப் பற்றியது, அதனால் ‘ஷி டான்ஸ்ட் பியூட்டிஃபுலி’. இரண்டாவதில் அவள் எதுவும் செய்யவில்லை, ஆளைப் பற்றித்தான் சொல்கிறோம், அதனால் ‘ஷி லுக்ஸ் பியூட்டிஃபுல்’. இங்கே ‘லி’ போட்டால் தப்பு. நன்றாக என்ற சொல்லும் இதே கதைதான். சாம்பார் நன்றாக இருக்கிறது என்றால் குட், நன்றாகச் சமைக்கிறார் என்றால் வெல். (உடம்பு நன்றாக இருக்கிறது என்பதற்கு மட்டும் ‘ஐ ஆம் வெல்’ என்பார்கள், அதைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.)

சந்தேகம் வந்தால் ஒரு சின்னச் சோதனை. வினைச்சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ‘இஸ்’ அல்லது ‘வாஸ்’ வையுங்கள், பொருள் ஏறக்குறைய அப்படியே நின்றால் ‘லி’ வேண்டாம். ‘ஹி லுக்ட் ஆங்ரி’ என்பதை ‘ஹி வாஸ் ஆங்ரி’ என்று மாற்றலாம், முகம் கோபமாகத் தெரிந்தது, அவ்வளவுதான். ஆனால் ‘ஹி லுக்ட் அட் மீ ஆங்ரிலி’ என்பதில் அவர் என்னைப் பார்க்கிறார், அந்தப் பார்வையில் கோபம் இருக்கிறது, ‘வாஸ்’ வைத்தால் வாக்கியமே உடைந்துவிடும். லுக், ஸ்மெல், டேஸ்ட், சவுண்ட், ஃபீல், ஸீம், பிகம் இவை வரும் இடத்திலெல்லாம் ஒரு நொடி நின்று இந்தச் சோதனையைச் செய்யுங்கள். வருத்தமாக இருக்கிறது என்பதற்கு ‘ஐ ஃபீல் சேட்’ போதும், சேட்லி தேவையில்லை.

அடுத்து, ‘லி’ ஒட்டாத சொற்கள். ஃபாஸ்ட்லி என்று ஒரு சொல் இன்றைய ஆங்கிலத்தில் கிடையாது, ‘ஹி ரன்ஸ் ஃபாஸ்ட்’ என்றுதான் சொல்ல வேண்டும். ஏன் என்றால், பழைய ஆங்கிலத்தில் அட்ஜெக்டிவை (ஆளையோ பொருளையோ விவரிக்கும் சொல்லை) அட்வெர்ப் ஆக்க, கடைசியில் ‘எ’ என்று ஓர் ஒலியைச் சேர்ப்பார்கள். காலப்போக்கில் அந்த ஒலி தேய்ந்து மறைந்துவிட்டது, ஃபாஸ்ட், ஹார்ட், லேட் எல்லாம் இரண்டு வேலைக்கும் ஒரே உருவத்தில் நின்றுவிட்டன.

இதில் ஃபாஸ்ட்லி எழுதினால் சிரிப்பார்கள், விட்டுவிடுவார்கள். ஹார்ட்லி எழுதினால்தான் ஆபத்து. ‘ஐ வொர்க் ஹார்ட்’ என்றால் கடுமையாக உழைக்கிறேன், ‘ஐ ஹார்ட்லி வொர்க்’ என்றால் கிட்டத்தட்ட வேலையே செய்வதில்லை என்று பொருள். அப்ரைசல் படிவத்தில் இதை மாற்றி எழுதினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. லேட் தாமதமாக, லேட்லி சமீபகாலமாக. நியர் பக்கத்தில், நியர்லி கிட்டத்தட்ட. இன்னொன்று, ஹார்ட்லிக்குள்ளேயே ‘இல்லை’ இருப்பதால் அதோடு நாட் சேர்க்கக் கூடாது: ‘ஐ ஹார்ட்லி நோ ஹிம்’, முடிந்தது.

‘லி’யில் முடிவதெல்லாம் அட்வெர்ப் என்றும் நினைத்துவிடாதீர்கள். ஃபிரெண்ட்லி, லவ்லி, லோன்லி மூன்றும் அட்ஜெக்டிவ். அவர் நட்பாகப் பேசினார் என்பதற்கு ‘ஹி ஸ்போக் இன் எ ஃபிரெண்ட்லி வே’ என்று சுற்றித்தான் போக வேண்டும்.

சரி, சொல் கிடைத்துவிட்டது, எங்கே வைப்பது? தமிழில் எங்கே வைத்தாலும் பெரும்பாலும் புரிந்துவிடும், ஆங்கிலம் அவ்வளவு தாராளம் காட்டாது. வினைக்கும் அதன் செயப்படுபொருளுக்கும் நடுவில் பொதுவாக எதையும் நுழைக்கக் கூடாது. ‘ஐ லைக் வெரி மச் ஃபில்டர் காபி’ தப்பு, ‘ஐ லைக் ஃபில்டர் காபி வெரி மச்’ சரி. ஆல்வேஸ், யூஷுவலி, ஆஃபன், நெவர் போன்றவை சாதாரண வினைக்கு முன்னால் வரும், ஆம், இஸ், ஆர், வாஸ் இருந்தால் அவற்றுக்குப் பின்னால் போகும்: ‘ஹி ஆல்வேஸ் கம்ஸ் லேட்’, ‘ஹி இஸ் ஆல்வேஸ் லேட்’. நம் ஊரில் அடிக்கடி காதில் விழும் ‘ஆல்வேஸ் ஹி இஸ் கமிங் லேட்’ என்பதை இத்தோடு விட்டுவிடலாம்.

பல விவரங்கள் சேர்ந்து வந்தால் தமிழ் வரிசையைக் கண்ணாடியில் காட்டிய மாதிரி திருப்பிப் போடுங்கள். “நேற்று கல்யாணத்தில் அருமையாகப் பாடினார்” என்பது காலம், இடம், விதம், வினை என்று வருகிறது. ஆங்கிலத்தில் ‘ஷி சாங் பியூட்டிஃபுலி அட் த வெட்டிங் எஸ்டர்டே’. கோ, கம் போன்ற வினைகளில் மட்டும் இடம் முந்திக்கொள்ளும்: ‘ஹி வென்ட் ஹோம் குவயட்லி’.

அப்புறம் இந்த ‘இன்னும்’. இன்னும் வரவில்லை என்றால் யெட், அதுவும் வாக்கியத்தின் கடைசியில்: ‘ஹி ஹேஸ் நாட் கம் யெட்’. இன்னும் இங்கேதான் இருக்கிறார் என்றால் ஸ்டில், அது நடுவில்: ‘ஹி இஸ் ஸ்டில் ஹியர்’. எதிர்பார்த்தது நடக்கவில்லை என்றால் யெட், இருந்த நிலை அப்படியே தொடர்கிறது என்றால் ஸ்டில் என்று பிடித்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பாது.

கடைசியாக ஒன்லி. வீட்டிலேயே, நேற்றே என்று நாம் போடும் அழுத்தத்தை ‘ஐ ஆம் அட் ஹோம் ஒன்லி’ என்று அப்படியே கொண்டுபோகிறோம். நமக்குள் பேசும்போது யாருக்கும் குழப்பமில்லை, தாராளமாகப் பேசுங்கள். ஆனால் அமெரிக்கக் க்ளையன்ட்டுடன் கால் இருக்கிறது, ஐஎல்ட்ஸ் ஸ்பீக்கிங் தேர்வு இருக்கிறது என்றால் அந்த ஒன்லியை எடுத்துவிட்டு, ஹோம் என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்கள். நம் ஏகாரம் செய்வதை அவர்கள் பெரும்பாலும் குரலிலேயே செய்துகொள்கிறார்கள்.