ரெஸ்பெக்டிவ்லி: மின்னஞ்சலில் எங்கே போடலாம், எங்கே கூடாது

ஆபீஸ் மின்னஞ்சல்களில் அடிக்கடி கண்ணில் படும் சொல் இது. அர்த்தம் 'முறையே', அவ்வளவுதான். அர்த்தம் தெரிந்தவர்களும் கோட்டை விடுவது அதைப் பயன்படுத்தும் இடத்தில்.

முதலில், கையில் இரண்டு வரிசை இருக்கிறதா என்று பாருங்கள். சிங்கப்பூர் ஊழியர்களின் சேமிப்புத் திட்டமான மசேநியையே (மத்திய சேம நிதி) எடுத்துக்கொள்வோம். 55 வயது வரையிலான, மாதம் 750 வெள்ளிக்கு மேல் சம்பளம் வாங்கும் ஊழியருக்கு முதலாளி 17 விழுக்காடு, ஊழியர் 20 விழுக்காடு செலுத்த வேண்டும். ஒரு வரிசையில் ஆட்கள், இன்னொன்றில் எண்கள். "எம்ப்ளாயர்ஸ் அண்ட் எம்ப்ளாயீஸ் கான்ட்ரிபியூட் 17% அண்ட் 20%, ரெஸ்பெக்டிவ்லி." சொல் கடைசியில் வருகிறது, அதற்கு முன் ஒரு காற்புள்ளி.

அடுத்து, இரண்டு பக்கமும் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும். இதற்கு விளக்கம் தேவையில்லை.

மூன்றாவதுதான் வில்லங்கம்: வரிசை மாறக்கூடாது. எழுதும்போது சரியாகத்தான் எழுதுவோம், திருத்தும்போது வினை வரும். சிங்கப்பூரில் வாடகைக்கு விட, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குக் குறைந்தது 6 மாதம், தனியார் வீட்டுக்கு 3 மாதம் என்பது விதி. "தனியார் வீட்டை முன்னால் போடலாமே" என்று யாரோ பெயர்களை மட்டும் இடம் மாற்றிவிட்டு எண்களை அப்படியே விட்டுவிட்டால், வீவக வீட்டை 3 மாதத்துக்கு விடலாம் என்றாகிவிடும். இலக்கணம் பார்க்கும் செயலிகளை இந்த விஷயத்தில் நான் நம்புவதில்லை. வாக்கியம் இலக்கணப்படி சரிதானே, அது எதைச் சுட்டிக்காட்டும்? தாளில் பெயர்களை மேலே, எண்களைக் கீழே எழுதி, பென்சிலால் உரியதை உரியதோடு கோடு போட்டு இணையுங்கள். கோடுகள் ஒன்றையொன்று வெட்டினால் வரிசை புரண்டிருக்கிறது.

தமிழில் இதற்கு நிரல்நிறை என்று பெயர். "அன்பும் அறனும் உடைத்தாயின் இல்வாழ்க்கை பண்பும் பயனும் அது" என்ற குறளில் அன்புக்குப் பண்பு, அறத்துக்குப் பயன். வள்ளுவருக்கு 'முறையே' கூடத் தேவைப்படவில்லை!

இரண்டு கடையும் 9 மணிக்கே மூடுகின்றன என்றால் இந்தச் சொல் வேண்டாம், 'போத்' போதும். மூன்று ஜோடிக்கு மேல் போனால் பேசாமல் அட்டவணை போட்டுவிடுங்கள். படிப்பவர் விரல் வைத்து எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்.

பிற்சேர்க்கை: கடிதத்தின் முடிவில் 'யுவர்ஸ் ரெஸ்பெக்டிவ்லி' போடலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். கூடாது. அங்கே வருவது 'ரெஸ்பெக்ட்ஃபுல்லி', மரியாதையுடன். அதுவும் ஆபீஸுக்குக் கொஞ்சம் அதிகம்தான், பெயர் தெரிந்தவருக்கு 'சின்சியர்லி' போதும். அப்புறம், 'ரெஸ்பெக்டிவ்' என்று மட்டும் வந்தால் 'அவரவர்' என்று பொருள். "ரிட்டர்ன் டு யுவர் ரெஸ்பெக்டிவ் டெஸ்க்ஸ்" என்றால் அவரவர் மேசைக்குப் போங்கள். யார் முதலில் போனாலும் சரி.