18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துச் சுங்க அதிகாரியின் நியமனத்தைத் தேடுவது எப்படி?

பெயரைத் தேடுவதற்கு முன் பதவி எந்த வகை என்று பாருங்கள். கஸ்டமர் (சுங்கம் வசூலிப்பவர்), கண்ட்ரோலர் (அவர் கணக்கைச் சரிபார்ப்பவர்), சர்ச்சர் (சரக்கைச் சோதிப்பவர்) ஆகியவை இடைக்காலத்துப் பதவிகள். மன்னரின் பெருமுத்திரை இட்ட பட்டயத்தால் கிடைப்பவை, பல நேரம் ஆயுளுக்கும். துறைமுகத்தில் சுங்கம் வசூலிக்கும் கலெக்டர், இறங்கும் சரக்கைச் சரிபார்க்கும் லேண்ட்வெய்ட்டர், கப்பலிலேயே காவலிருக்கும் டைட்வெய்ட்டர் எல்லாம் வேறு வழி: கருவூலம் ஆணை அனுப்பும், 1671இல் அமைந்த சுங்க ஆணையர் வாரியம் நியமனப் பத்திரம் கொடுக்கும்.

பலரும் ஏமாறுவது பட்டயப் பதவிகளில்தான். பட்டயத்தில் பெயர் உள்ளவர் துறைமுகத்தை எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்; சம்பளம் அவருக்கு, வேலை பதிலாளுக்கு. கணக்கேட்டில் காணும் கையெழுத்து அந்தப் பதிலாளுடையதாக இருக்கலாம். 1798ஆம் ஆண்டுச் சட்டம்தான் இந்தச் சும்மா பதவிகளுக்கு முடிவு கட்டியது.

கருவூல ஆணைகளுக்கு, லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டி 11 (T 11) என்ற எண்ணுள்ள ஆவண வரிசையைக் கேளுங்கள். 1745 வரைக்கும் அச்சிட்ட கருவூல ஆவணச் சுருக்கங்கள் இருப்பதால் அங்கே தொடங்குவது சுலபம். ஆணையில் பெரும்பாலும் 'இறந்துபோன இன்னார் இடத்தில்', 'நீக்கப்பட்ட இன்னார் இடத்தில்' என்று இருக்கும். அந்த முந்தையவரின் பெயரை விடாதீர்கள். அதைப் பிடித்தே ஒரு பதவியின் வரிசை முழுவதையும் பின்னோக்கிக் கட்டிவிடலாம். 1752க்கு முன் இங்கிலாந்தில் ஆண்டு பிறந்தது மார்ச் 25இல். பிப்ரவரி 1730 என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் அது 1731.

யார் சிபாரிசு செய்தார் என்பதை ஆணை பெரும்பாலும் சொல்லாது. அதற்குத் தனிக் கடிதங்களைத்தான் புரட்ட வேண்டும். பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள அக்கால அமைச்சர் நியூகாசில் கோமகனின் தாள்களில் பதவி கேட்டு வந்த மனுக்கள் குவிந்து கிடக்கின்றன. தொகுதி எம்.பி.க்குச் சுங்க வேலை என்பது ஓட்டுக்கான காசு. 1782இல் வருவாய் அதிகாரிகளின் வாக்குரிமையையே பறித்தது அதனால்தான்.

ஆணை வந்ததோடு வேலை கிடைத்துவிடாது. பணம் கையாளும் பதவிக்கு ஜாமீன்தாரர்களோடு பிணைப்பத்திரம் வேண்டும். சத்தியப்பிரமாணமும், 1673ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கிலாந்துத் திருச்சபையில் நற்கருணை பெற்றதற்கான சான்றிதழும் தேவை. இச்சான்றிதழ்கள் மாவட்ட ஆவணக் காப்பகங்களில் கிடைக்கும். சான்றிதழ் இல்லாததை வைத்து ஆள் பதவி ஏற்கவில்லை என்று முடிவுகட்டாதீர்கள். 1727 முதல் அடிக்கடி வந்த மன்னிப்புச் சட்டங்கள் தவறியவர்களைக் காப்பாற்றின.

கடைசியாக, அதே தேசியக் காப்பகத்தின் கஸ்ட் 18 (CUST 18) வரிசையின் காலாண்டுச் சம்பளப் பட்டியலில் பெயரைச் சரிபாருங்கள். லண்டன் சுங்க மாளிகை 1814இல் எரிந்தபோது வாரியத்தின் பழைய தாள்கள் பெருமளவு போயின. வாரியப் பக்கத்தில் கிடைக்காததை கருவூலப் பிரதிகளிலும், வெளித்துறைமுகங்களின் (லண்டன் அல்லாத துறைமுகங்களின்) கடிதப் புத்தகங்களிலும் தேடுங்கள்.