சிமெண்ட் இலைத்தட்டுப் பட்டறை நடத்துமுன்

சேம்பு இலைமேல் சிமெண்ட் கலவையை அப்பி, குருவிக்குத் தண்ணீர் வைக்கும் தட்டு செய்ய மூன்று மணி நேரம் போதும். அதை அசைக்கத்தான் இரண்டு நாள் ஆகும். ஆகவே ‘செய்ததை அன்றே கொண்டுபோகலாம்’ என்று அறிவிப்பில் போடாதீர்கள். அடுத்த வாரம் தட்டை வாங்கிச் செல்ல ஒரு நாளைக் குறித்துவிட்டு ஆள் சேருங்கள். இடமும் அதுவரை உங்கள் கையில் இருக்க வேண்டும். மறுநாள் கல்யாணம் நடக்கிற மண்டபம் உதவாது.

கூரை கட்டாயம். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் நம் கன்னியாகுமரி. தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கம் மழையைவிடக் காற்றுதான் தொல்லை. கணவாய்க் காற்று, உள்ளே இறுகுமுன் கலவையின் மேல்பரப்பை உலர்த்திவிடும். நூல் நூலாக வெடிப்பு விழும். காற்று வரும் பக்கம் தார்ப்பாய் கட்டுங்கள்.

30 × 40 செ.மீ. இலைக்கு 2 செ.மீ. கனத்தில் அப்ப, ஏறத்தாழ 1.1 கிலோ சிமெண்டும் 2.5 கிலோ மணலும் அரை லிட்டர் தண்ணீரும் பிடிக்கும். கன அளவில் பார்த்தால் சிமெண்ட் ஒன்றுக்கு மணல் இரண்டு. 12 பேருக்குச் சேதாரமும் சேர்த்து 16 கிலோ சிமெண்ட், 35 கிலோ மணல் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் கிடைக்கும் வழக்கமான பிபிசி (PPC, போர்ட்லாண்ட் பொசோலானா) சிமெண்ட் போதும். மூட்டையில் தயாரித்த மாதத்தைப் பாருங்கள். மூன்று மாதம் தாண்டியிருந்தால் வேண்டாம். விரலால் நசுக்கியும் உடையாத கட்டி இருந்தால், ஈரக்காற்று ஏற்கெனவே வேலையைக் காட்டிவிட்டது என்று அர்த்தம்.

மணல், சுவர்ப் பூச்சுக்கு வாங்குகிற பி-சாண்ட், அதாவது கல்லை உடைத்துச் செய்யும் நைஸ் மணல். கடற்கரையில் அள்ளிக்கொள்ளலாம் என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். அந்த உப்பு பிறகு தட்டில் வெள்ளையாகப் பூக்கும். உள்ளே கம்பி வலை வைத்திருந்தால் துருவேற்றி வெடிக்க வைக்கும். மணவாளக்குறிச்சிக் கரையின் கருமணலிலோ கதிரியக்கத் தோரியம் உள்ள மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது. இலைக்கு அடியில் மேடு கட்டக்கூட அது வேண்டாம்.

இலையை அன்று காலையில் வெட்டித் தண்ணீரில் போட்டு வையுங்கள். வாடிய இலையில் நரம்பு பதியாது. வாழையிலை நரம்போடு கிழியும், தவிருங்கள். சேம்புப் பால் கை அரிக்கும் என்பதால் இலையைத் தொடும்போதே கையுறை போடச் சொல்லுங்கள். சிமெண்டுக்கும் அதுவே காப்பு: ஈரக் கலவை கடும் காரம், தோல் வெந்தாலும் உடனே வலிக்காது. மோதிரத்தைக் கழற்றச் சொல்லுங்கள். மூட்டை பிரிக்கும்போது முகக்கவசம் வேண்டும். கண் கழுவ நல்ல தண்ணீர் தனி வாளியில் இருக்கட்டும்.

ஆளுக்கு ஒரு பலகை, அதன்மேல் ஈர மணல் மேடு, மேட்டின்மேல் பிளாஸ்டிக் தாள். காம்பை அடியோடு நறுக்கி, நரம்புப் பக்கம் மேலே தெரியும்படி இலையை விரிக்க வேண்டும். பூச்சி ஓட்டை இருந்தால் அடியில் இன்னொரு இலைத்துண்டை வையுங்கள்.

மூன்று பேருக்கு ஒரு சட்டி என்று கலக்குங்கள். மொத்தமாகக் கலந்தால் பாதி சட்டியிலேயே இறுகும். கொழுக்கட்டை மாவுபோல் பிடித்தால் நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது. பெரும்பாலும் கெடுவது இங்கேதான். கை வலிக்கிறதென்று தண்ணீரை ஊற்றுவார்கள். கலவை மேட்டிலிருந்து வழியும், காய்ந்ததும் வெடிக்கும். இறுக ஆரம்பித்த கலவையில் மறுபடி தண்ணீர் சேர்ப்பது அதைவிட மோசம்.

நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தி அப்பினால் காற்று அடைபடாது. ஓரம் ஒரு செ.மீ.க்குக் குறைந்தால் தூக்கும்போது உடையும். முதல் அடுக்குக்குமேல் நைலான் வலைத்துண்டு வைக்கலாம். பழைய மீன்வலையானால் உப்புப் போகக் கழுவுங்கள். அது பெரிய பலம் தராது, விரிசல் விட்டாலும் துண்டு சிதறாது, அவ்வளவுதான்.

பிளாஸ்டிக் தாளால் மூடி 48 மணி நேரம் விடுங்கள். பிறகு திருப்பி இலையை உரியுங்கள். நரம்பில் ஒட்டியது காய்ந்தால் பிரஷ்ஷுக்கு வரும். பிறகு பத்து நாள் ஈரச் சாக்கால் மூட வேண்டும். தட்டை வாங்கிப் போகிறவர்கள் மிச்ச நாளை வீட்டில் தொடர வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுங்கள். பறவைக்கு வைக்குமுன் இரண்டு வாரம் தண்ணீர் நிரப்பித் தினமும் மாற்றினால் சுண்ணாம்புக் காரம் இறங்கும்.

சட்டி கழுவிய தண்ணீரைக் குளத்திலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள், மீன் செத்துவிடும். வாளியில் தெளியவிட்டு, அடியில் இறுகிய வண்டலைக் கட்டட இடிபாடுகளோடு போடுங்கள்.