பிஒய் நம்பர் 390 டியூக்: புதுச்சேரியில் வாங்கி கடலூரில் பேர் மாற்றும் வரை

2025 பிப்ரவரியில் லாஸ்பேட்டையில் ஒருவரிடம் 2019 மாடல் கேடிஎம் 390 டியூக் பைக் வாங்கினேன். பிஒய்-01, அதாவது புதுச்சேரியில் பதிவான வண்டி. நான் இருப்பது கடலூர் மஞ்சக்குப்பத்தில். வண்டியைப் பார்த்து முடிவு செய்ய இரண்டு நாள் ஆனது, பேரம் ஒரு மணி நேரத்தில் முடிந்தது, என் பெயரில் கடலூரின் டிஎன்-31 நம்பர் வர நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதத்தில் மூன்று மாதம் வீண். எங்கே வீணானது என்று தெரிந்தால் உங்களுக்கு ஒரு மாதத்தில் முடியும். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வண்டி ஓட்டவும் கியர் போடவும் தெரிந்தவர்களுக்கான குறிப்பு இது. ஃபேரிங் இல்லாத, எஞ்சின் வெளியே தெரிகிற, கொஞ்சம் பலமான வண்டி ஒன்றை முதல்முறையாகப் பழசாக வாங்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

எந்த வருட வண்டி?

390 டியூக் இந்தியாவுக்கு வந்தது 2013இல். 2017இல் முழுசாக மாறியது: முன் டிஸ்க் 300 மி.மீ.யிலிருந்து 320 ஆனது, கலர் டிஸ்ப்ளே வந்தது, டேங்க் 13.4 லிட்டர் ஆனது, வயிற்றுக்குக் கீழே இருந்த சைலன்சர் பக்கவாட்டுக்குப் போனது. 2020இல் பிஎஸ்-6 (புதிய புகை விதி) ஆனபோது, கிளட்ச் பிடிக்காமல் கியர் மாற்ற உதவும் குயிக்‌ஷிஃப்டர் சேர்ந்தது. 2023இல் வந்தது 399 சிசி, அது வேறு வண்டி, வேறு விலை.

என் ஓட்டு 2017க்குப் பிறகு வந்த 373 சிசி வண்டிக்கு. ஏறத்தாழ 43 குதிரைத்திறன், இந்த விலைக்கு இப்படிக் கிடைப்பது அரிது. சைலன்சர் காரணமும் உண்டு. மழைக்காலத்தில் ரெயின்போ நகர் பக்கமோ திருப்பாப்புலியூர் சுரங்கப்பாதை பக்கமோ தண்ணீரில் போக நேர்ந்தால், கீழே தொங்கும் சைலன்சர் முதலில் முங்கும்.

படி 1: போவதற்கு முன்பே நம்பரைப் பாருங்கள்

வண்டி நம்பரை வாங்கி எம்-பரிவாகன் என்ற அரசு ஆப்பில் போடுங்கள். எத்தனையாவது ஓனர், இன்சூரன்ஸ் எப்போது முடிகிறது, ஃபைனான்ஸ் நிலுவை இருக்கிறதா என்பதெல்லாம் அங்கேயே தெரியும். சலான் நிலுவை இருக்கிறதா என்றும் பாருங்கள். ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் இன்னும் இருந்தால் அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் பார்த்தேன், கேட்டேன், “லோன் எப்பவோ முடிஞ்சிடுச்சு தம்பி” என்றார்கள், விட்டுவிட்டேன். படி 5இல் அதற்கு வருகிறேன்.

படி 2: எஞ்சின் ஆறி இருக்க வேண்டும்

காலையில் வருகிறேன், ஸ்டார்ட் செய்யாமல் வையுங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் எஞ்சின் கேஸைக் கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் வேறு நாள் வாருங்கள். ஆறிய எஞ்சினில்தான் ஸ்டார்ட்டிங் சிரமம், செயின் டென்ஷனர் சத்தம், புகை எல்லாம் தெரியும். ஆறி இருக்கும்போதே கூலன்ட் டேங்கையும் பார்த்துவிடலாம். அளவு குறைந்திருந்தாலோ, பால் கலந்த டீ நிறத்தில் இருந்தாலோ அந்த வண்டி வேண்டாம்.

படி 3: தண்ணீரில் நின்ற வண்டியா?

நம் பக்கத்தில் இதுதான் முதல் சோதனை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை பெருகி, கடலூர் ஓரத்துக் குடியிருப்புகள் மூழ்கின. அந்த வாரம் எத்தனை வண்டிகள் ஹேண்டில்பார் அளவு தண்ணீரில் நின்றன என்பதை நாம் கண்ணால் பார்த்தோம். கழுவி, பாலிஷ் போட்டு, அவற்றில் பல விற்பனைக்கு வந்துவிட்டன.

லாஸ்பேட்டை வண்டிக்கு முன்னால் வில்லியனூரில் ஒன்று பார்த்தேன். பெயின்ட் கண்ணாடி மாதிரி இருந்தது. நானே அட்வான்ஸ் கொடுக்கப் பையில் கை விட்டேன். கூட வந்த மெக்கானிக் அண்ணன், “சீட்டைக் கழட்டு தம்பி” என்றார். சீட்டுக்கு அடியில் டூல் கிட் வைக்கும் குழியின் மூலையில் விரலை வைத்துத் தேய்த்து என்னிடம் காட்டினார். மைதா மாவு போல நைசான சாம்பல் நிற வண்டல் ஒட்டியிருந்தது. தார் ரோட்டுத் தூசி சொரசொரப்பாக இருக்கும். வெள்ளத்தோடு வந்து வடிந்து காய்ந்த மண்தான் இப்படி வழுவழுவென்று இருக்கும். பேட்டரி முனையில் பச்சை பூத்திருந்தது, ஃபியூஸ் பாக்ஸுக்குள்ளும் அதே மண். டீ மட்டும் குடித்துவிட்டுத் திரும்பினோம்.

நீங்களும் இதையே செய்யுங்கள். சீட்டு அடி, ஃபியூஸ் பாக்ஸ், ஏர் ஃபில்டர் பெட்டியின் அடிப்பக்கம், இடது பக்கம் முன் ஸ்ப்ராக்கெட்டை மூடும் கவருக்குப் பின்னால், ஹெட்லைட்டுக்குள் நீர்க்கோடு. ஒயர் சாக்கெட் ஒன்றைக் கழற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள், உள்ளே பச்சையாகவோ பழுப்பாகவோ இருக்கக் கூடாது. இந்த வண்டியில் ஆக்சிலரேட்டர்கூட ஒயர் வழியாகத்தான் வேலை செய்கிறது. ஏபிஎஸ்ஸும் அப்படியே. எஞ்சினில் தண்ணீர் போனால் சரிசெய்துவிடலாம், ஒயரிங்கில் உப்பு ஏறினால் ஒவ்வொரு மழைக்கும் ஒரு பழுது வரும்.

படி 4: மற்ற சோதனைகள்

ஃபோர்க் குழாயை (முன் சக்கரத்தைத் தாங்கும் ஷாக் குழாய்) வெறும் விரலால் துடைத்துப் பாருங்கள். எண்ணெய் ஒட்டினால் சீல் போயிருக்கிறது. அது மாற்றக்கூடியதுதான், விலையில் கழித்துக்கொள்ளலாம். முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாக இரு பக்கமும் திருப்புங்கள். நடுவில் ‘டக்’கென்று தங்கினால் ஸ்டீயரிங் பேரிங் போச்சு, வீலி அடித்தே ஓட்டியிருக்கிறார்கள் என்பதற்கும் அது அடையாளம். ஹேண்டில் முழுவதும் திரும்பி நிற்கும் இடத்தில் உள்ள தடுப்பு நசுங்கியிருந்தால் வண்டி பலமாக விழுந்திருக்கிறது, அதை வாங்காதீர்கள்.

டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் ஆறு வருடம் தாண்டிய டயரை நான் நம்ப மாட்டேன். இரண்டையும் மாற்றினால் பத்தாயிரத்தைத் தாண்டும், பேரத்தில் சொல்லுங்கள்.

சோதனை ஓட்டம் ஈசிஆரில் வேண்டாம். அங்கே எல்லா வண்டியும் நன்றாகத்தான் ஓடும். மதியம் பன்னிரண்டு மணிக்கு நெல்லித்தோப்பு, இந்திரா காந்தி சிலை சிக்னல் வழியாக ஊர்ந்து போங்கள். சூடு ஏற வேண்டும், ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்ற வேண்டும், ஃபேன் ஓடிய பிறகு சூடு இறங்க வேண்டும். இருபது நிமிடம் இப்படி ஓட்டினால் எஞ்சினைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

படி 5: பேப்பர். நான் மாட்டிய இடம் இதுதான்

தமிழ்நாட்டுக்குள் வாங்கினால் படிவம் 29, 30இல் விற்பவரிடம் கையெழுத்து வாங்கினால் பேர் மாற்றப் போதும். முள்ளோடையைத் தாண்டினால் மாநிலம் வேறு. இருபத்து சொச்சம் கிலோமீட்டர்தான், தினம் வேலைக்குப் போய் வருகிற தூரம், அதனால் நமக்கு அது வேறு மாநிலமாகவே தோன்றுவதில்லை. நான் 29, 30 மட்டும் கையெழுத்து வாங்கி, முழுப் பணத்தையும் கொடுத்து, வண்டியை ஓட்டி வந்துவிட்டேன்.

முதலில் வேண்டியது என்.ஓ.சி., அதாவது தடையில்லாச் சான்று. அதற்குப் படிவம் 28. அதில் கையெழுத்துப் போட வேண்டியவர் பதிவு ஓனர், கொடுக்க வேண்டியது புதுச்சேரி போக்குவரத்துத் துறை. ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் இருந்தால் அதை முதலில் நீக்க வேண்டும், அதற்குப் படிவம் 35. லோன் கட்டி முடித்தாலும் அந்தப் பெயர் ஆர்.சி.யிலிருந்து தானாக நீங்காது. படிவம் 35இல் ஃபைனான்ஸ் கம்பெனியும் கையெழுத்துப் போட வேண்டும். என் வண்டிக்கு அவர்கள் கொடுத்திருந்த கடிதம் காலாவதியாகிவிட்டது. புதுக் கடிதத்துக்கு எழுதிப் போட்டு, அது வருவதற்குள் விற்றவர் வேலைக்காக வெளியூர் போய்விட்டார். அவர் நல்ல மனிதர், மூன்று முறை கூரியரில் கையெழுத்து அனுப்பினார். ஆனாலும் மூன்று மாதம் போனது.

அதனால் வரிசை இதுதான்: முதலில் விற்பவர் ஃபைனான்ஸ் பெயரை நீக்கட்டும், பிறகு என்.ஓ.சி. எடுக்கட்டும், அதைக் கையில் வாங்கும்போதுதான் மீதிப் பணம். அதுவரை அட்வான்ஸ் மட்டும், அதற்கும் எழுத்தில் ரசீது.

அடுத்து சேசிஸ் பிரின்ட். படிவங்களில் சேசிஸ் நம்பரின் பென்சில் அச்சை ஒட்ட வேண்டும். டியூக்கில் அது ஸ்டீயரிங் தலையின் வலது பக்கம், கேபிள்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். நம் கடற்கரைக் காற்றில் அந்த இடத்தில் அழுக்கும் உப்பும் ஏறி எழுத்து மங்கியிருக்கும். என் முதல் அச்சில் ஓர் எண் 3ஆ 8ஆ என்று தெரியவில்லை, திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பிறகு இப்படிச் செய்தேன்: ஹேண்டிலை முழுக்க இடப்பக்கம் திருப்பி, கேபிள்களை ஒரு துணியால் ஒதுக்கிக் கட்டினேன். மண்ணெண்ணெய் நனைத்த பழைய டூத் பிரஷ்ஷால் எழுத்துகளைத் தேய்த்து, காய்ந்த துணியால் துடைத்து, பத்து நிமிடம் விட்டேன். 4பி பென்சிலைப் படுக்க வைத்து எழுத்துகளின் மேல் கருப்பாகத் தேய்த்தேன். அதன் மேல் அகலமான செல்லோடேப்பை ஒட்டி, நகத்தால் அழுத்தி, ஒரே இழுப்பில் எடுத்து வெள்ளைத் தாளில் ஒட்டினேன். கருப்புக்கு நடுவே எண்கள் வெள்ளையாகத் தெளிவாக விழுந்தன. நான்கைந்து அச்சு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உப்புத்தாள் மட்டும் போடாதீர்கள், நம்பரைத் திருத்தியதாகச் சந்தேகம் வரும்.

கடலூர் ஆர்டிஓ ஆபீசில் வேண்டியவை: அசல் ஆர்.சி., அசல் என்.ஓ.சி., புது நம்பருக்குப் படிவம் 27, பேர் மாற்ற 29, 30, நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்று, முகவரிச் சான்று. வண்டியை நேரில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். தமிழ்நாட்டு வாழ்நாள் வரியை மறுபடி கட்ட வேண்டும், வண்டியின் வயதைப் பொறுத்துக் குறையும். புதுச்சேரி வண்டி விலை குறைவாக இருக்கிறதே என்று மகிழும் முன் இந்த வரியையும் கூட்டிப் பாருங்கள். பிஒய் நம்பரிலேயே ஓட்டிக்கொள்ளலாம் என்று சொல்பவர்கள் உண்டு. 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் புது நம்பர் வாங்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆவது பிரிவு.

இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது, அது அவரோடு போய்விடும். 350 சிசிக்கு மேல் என்பதால் மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே 2022இல் அறிவித்த கட்டணப்படி ஆண்டுக்கு 2,804 ரூபாய், வரி தனி.

படி 6: வாங்கிய பிறகு

முதல் வாரத்திலேயே எஞ்சின் ஆயில், ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில் நான்கையும் மாற்றுங்கள். பழைய ஓனர் மாற்றினேன் என்று சொன்னாலும் மாற்றுங்கள்.

கருவிகளில் முதலில் பேடாக் ஸ்டாண்ட் வாங்குங்கள். இந்த வண்டிக்கு சென்டர் ஸ்டாண்ட் கிடையாது, பின் சக்கரத்தைத் தூக்காமல் செயினைச் சுத்தம் செய்ய முடியாது. அப்புறம் நல்ல காற்று மீட்டர். பங்க் மீட்டர்களை நான் நம்புவதில்லை, தனியாகப் போகும்போது இரண்டு டயருக்கும் 29 பிஎஸ்ஐ வைக்கிறேன். மூன்றாவது மல்டிமீட்டர். வண்டி ஓடும்போது பேட்டரியில் 13.8க்கு மேல் 14.5க்குள் காட்ட வேண்டும். விலை உயர்ந்த பாலிஷ்களுக்குச் செலவழிக்காதீர்கள்.

சில்வர் பீச் பக்கம் மாலையில் போய் நின்றுவிட்டு வந்தால், அன்றிரவே வெறும் தண்ணீரால் கழுவுங்கள். பிரஷர் வாஷ் வேண்டாம், ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். என் வண்டியில் அந்தத் தகடுகளுக்கு இடையே உப்பும் சேறும் அடைத்துத்தான் சூடு ஏறிக்கொண்டிருந்தது. தண்ணீர்க் குழாயை மெதுவாகத் திறந்து பின்பக்கமிருந்து முன்பக்கமாகக் கழுவியதும் சரியானது. செயினுக்கு லூப் ஸ்ப்ரேயை (செயின் எண்ணெய்) வண்டி ஓட்டி வந்த சூட்டில் அடியுங்கள், அடித்து ஒரு மணி நேரமாவது நிற்கட்டும்.

பிற்சேர்க்கை 1: “விற்ற பிறகு அந்த நம்பரைக் கேட்டு விற்றவரிடம் போலீஸ் வந்தால்?” என்று ஒரு நண்பர் கேட்டார். வண்டியைக் கைமாற்றும்போது தேதியோடு நேரத்தையும் எழுதி, ஓடிய கிலோமீட்டரையும் குறித்து, இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். விற்பவருக்குத்தான் இது அதிகம் தேவை.

பிற்சேர்க்கை 2: டிஎன்-31 வண்டியைப் புதுச்சேரியின் பாகூரில் இருப்பவர் வாங்கினாலும் இதே வரிசைதான், திசை மட்டும் மாறும். என்.ஓ.சி. கடலூரில் எடுக்க வேண்டும், வரி புதுச்சேரியில் கட்ட வேண்டும். படிவம் 28ஐ மூன்று பிரதி எடுத்து, மூன்றிலும் சேசிஸ் அச்சு ஒட்டிக்கொண்டு போங்கள்.