நிலாவின் நிஜ நிறத்தைப் படம் பிடிப்பது எப்படி?

பௌர்ணமி நிலா வெள்ளை வெளேரென்று தெரிவது ஒரு தோற்றம்தான். அதன் தரை தன்மேல் விழும் வெயிலில் சுமார் 12 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது. பழைய தார்ச்சாலையும் ஏறத்தாழ அவ்வளவுதான். சுற்றிலும் இருட்டு என்பதால் நம் கண்ணுக்கு அது வெள்ளையாகிவிடுகிறது. ஆனால் அந்தச் சாம்பலுக்குள் மெல்லிய நீலமும் பழுப்பும் ஒளிந்திருக்கின்றன. சாதாரண கேமராவும் இலவச மென்பொருளும் இருந்தால் அவற்றை வெளியே கொண்டுவந்துவிடலாம்.

முதல் படி: நாளும் நேரமும்

பௌர்ணமியை ஒட்டிய இரண்டு மூன்று நாட்கள் போதும். பள்ளங்களைப் படம் பிடிக்கப் பாதி நிலா நல்லது. நிறத்துக்கு முழு நிலாதான், ஏனென்றால் அப்போது நிழலே இருக்காது. நிலா உதிக்கும்போது எடுக்காதீர்கள். அந்த ஆரஞ்சு நம் காற்று மண்டலம் பூசியது, நிலாவுடையது அல்ல. உச்சிக்கு வரும்வரை காத்திருங்கள். தமிழ்நாட்டில் தைப்பூசம், மாசி மகம் சமயத்து நிலா இதற்குப் பிரமாதம். மழைக்காலம் முடிந்து வானம் தெளிந்திருக்கும், நள்ளிரவில் நிலா கிட்டத்தட்ட தலைக்கு மேலேயே நிற்கும்.

இரண்டாம் படி: கேமரா அமைப்பு

200 முதல் 300 மி.மீ. லென்ஸ், ஒரு ட்ரைபாட். தொலைநோக்கி இருந்தால் அதன் கண்வில்லையில் போனைப் பொருத்தியும் எடுக்கலாம், ஆனால் அளவுகளை நாமே வைக்கும் ப்ரோ மோடில். சில போன்கள் நிலாவைக் கண்டதும் தாமாகவே மெருகேற்றிவிடும். அந்தப் படம் இந்த வேலைக்கு உதவாது.

ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100, அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப்/8, ஷட்டர் 1/200 நொடி என்று தொடங்குங்கள். நிலாத் தரை வெயிலில் கிடக்கும் கல், அதனால் பகல் படத்துக்கான அளவுகளே சரிவரும். எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லும் ஒயிட் பேலன்ஸையும் இதே காரணத்துக்காக ‘டேலைட்’டில் வையுங்கள், ஆட்டோ வேண்டாம். சேமிப்பது கட்டாயம் ரா ஃபார்மேட்டில், அதாவது கேமரா சுருக்காமல் அப்படியே தரும் கோப்பாக. ஜேபெக்கில் நிறத்தை இழுத்தால் திட்டுத்திட்டாக உடைந்துவிடும். இரண்டு நொடி டைமர் போட்டு இருபது முப்பது படங்கள் எடுத்து, கூர்மையானதைத் தேர்ந்தெடுங்கள்.

மூன்றாம் படி: நிறத்தை வெளியே இழுப்பது

படத்தை ராதெரபி என்ற இலவச மென்பொருளில் திறந்து, 16 பிட் டிஃப் கோப்பாக மாற்றி, கிம்ப் என்ற இன்னொரு இலவச மென்பொருளில் ஏற்றுங்கள். ‘கலர்ஸ்’ மெனுவில் ‘சாச்சுரேஷன்’ (நிறச் செறிவு) போய் அளவை 1.5 ஆக்கி ஓகே கொடுங்கள். அப்புறம் அதையே திரும்பச் செய்யுங்கள். மூன்று நான்கு தடவையில் நீலமும் செம்பழுப்பும் மேலெழும். ஒரேயடியாக ஏற்றினால் புள்ளிப்புள்ளியாக இரைச்சல்தான் மிஞ்சும். விளிம்பில் ஊதாவோ பச்சையோ கோடாகத் தெரிந்தால் அது லென்ஸின் குறை, பொருட்படுத்தாதீர்கள்.

படம் முழுக்க மஞ்சளாக இருக்கிறதே என்று உடனே ஆட்டோ ஒயிட் பேலன்ஸை அழுத்தத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். அந்த மஞ்சளில் ஒரு பங்கு காற்றுடையது என்றாலும், நிலாத் தரையே நீல ஒளியைவிடச் சிவப்பொளியைக் கூடுதலாகத் திருப்பி அனுப்பும் தரை. லேசான பழுப்பு அதன் சொந்த நிறம். 1968 டிசம்பரில் நிலாவைச் சுற்றிய அப்போலோ 8 வீரர்கள் அது சாம்பல் என்றார்கள். ஐந்து மாதம் கழித்துப் போன அப்போலோ 10 குழு பழுப்பு என்றது. வெயில் விழும் கோணத்தைப் பொறுத்து இரண்டுமே தெரியும். அதனால் ‘கலர் பேலன்ஸ்’ போய்க் கையாலேயே மஞ்சளைக் கொஞ்சமாகக் குறைத்தால் போதும்.

நான்காம் படி: படத்தைப் படிப்பது

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். முதலில் படத்தைத் திருப்புங்கள். நம் ஊரில் நிலா படுத்தபடிதான் உதிக்கும், அதனால் வரைபடத்தோடு ஒத்துப்போகாது. வெள்ளைக் கதிர்கள் பாயும் டைக்கோ பள்ளம் கீழே வரட்டும். இப்போது நடுவிலிருந்து சற்று வலப்புறம், மேலும் கீழுமாக இரண்டு கரிய சமவெளிகள் இருக்கும். பாட்டி வடை சுடுவதாக நாம் கதை சொல்லும் கறைகளில் இவையும் உண்டு.

கீழே நீலமாக இருப்பது அமைதிக் கடல், பெயரில் மட்டும்தான் கடல். 1969 ஜூலை 20 அன்று அப்போலோ 11 இறங்கிய இடம். அங்கிருந்து வந்த எரிமலைப் பாறைகளில் டைட்டானியம் மிக அதிகம். இல்மனைட் என்ற கனிமம்தான் காரணம், நீலச்சாயலும் அதனால்தான். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் கருமணலில் எடுக்கிறார்களே, அதே இல்மனைட்.

அதற்கு மேலே உள்ள தெளிவுக் கடல் பழுப்பாகத் தெரியும், அங்கே டைட்டானியம் குறைவு. அதன் விளிம்பையொட்டிய பள்ளத்தாக்கில்தான் 1972 டிசம்பரில் அப்போலோ 17 இறங்கியது. நிலவியலாளர் ஹாரிசன் ஷ்மிட் அங்கே ஆரஞ்சு மண்ணைக் கண்டு கூவினார். ஆதி எரிமலை பீய்ச்சியடித்த நுண்ணிய கண்ணாடி மணிகள் அவை.

இனி டைக்கோவிலிருந்து இன்னும் கீழே, சற்று வலப்புறம், விளிம்புக்கு அருகே வாருங்கள். தென் அகலாங்கு 69 பாகையில், 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கிய இடம் அந்தப் பக்கம்தான். லேண்டர் தெரியாது, வெளிறிய மேட்டுநிலம்தான் தெரியும். பிரக்யான் ரோவர் 23 இடங்களில் மண்ணை அளந்தது. இரும்பு கலந்த அனார்த்தோசைட் வகைப் பாறையோடு அது பொருந்தியது. உருகிய பாறைக் கடலாக இருந்த இளம் நிலாவில் மேலே மிதந்து வந்து உறைந்த மேலோடு அது.

அந்த அனார்த்தோசைட் நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி, குன்னமலைப் பக்கமும் கிடைக்கிறது. அதைப் பொடித்துத்தான் இஸ்ரோ செயற்கை நிலா மண் செய்து சோதனைகள் நடத்தியது. மயில்சாமி அண்ணாதுரை, வனிதா, வீரமுத்துவேல் என்று மூன்று சந்திரயான்களின் திட்ட இயக்குநர்களும் தமிழர்கள் என்பதைச் சொல்லிச் சொல்லி மகிழ்கிறோம், சரிதான். எனக்கென்னவோ இந்த நாமக்கல் கல்தான் கூடுதல் பெருமை.

ஐந்தாம் படி: பகிர்வது

இழுத்த படத்தை ‘நிலாவின் உண்மை நிறம்’ என்று போடாதீர்கள். நிறங்கள் இருக்குமிடம் உண்மை, அழுத்தம் நாம் கூட்டியது. பக்கத்திலேயே கைவைக்காத மூலப்படத்தையும் வையுங்கள். கீழே தேதி, நேரம், ஷட்டர் அளவு, சாச்சுரேஷனை எத்தனை தடவை ஏற்றினீர்கள் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.