சினை ஊசி போட்ட எருமைக்கு ஓவரில (சினைப்பைல) கொப்புளம் தட்டுப்பட்டா அவசரப்படாதீங்க

எருமைக்கு சினை ஊசி (செயற்கை கருவூட்டல்) போட்டுட்டு சினை நின்னுச்சா இல்லையான்னு தவிக்கிறவங்களுக்காக எழுதுறேன். என் முர்ரா எருமைக்கு ஊசி போட்டு 45வது நாள், கை விட்டுப் பாத்தவர் "ஓவரில கொப்புளம் இருக்கு, சினை இல்ல, பருவத்துக்கு வர ஊசி போட்டுடலாம்"னார், நானும் சரின்னுட்டேன். மூணாம் நாள் விடியக்காலைல சாணி அள்ளப் போனா பின்னாடி ஒரு சவ்வுப்பை கிடக்கு, உள்ள பெருவிரல் நுனி அளவுக்கு கன்னு. அன்னைக்கு முழுக்க சோறு இறங்கல.

அந்த கொப்புளம்தான் ஃபாலிக்கிள், முட்டை வளர்ற சின்ன நீர்ப்பை. சினை பிடிச்சா ஓவரி ஓஞ்சிடும்னு நினைக்கிறோம், அப்படி கிடையாது. சினை இல்லாதப்ப 21 நாள் சுத்துல பெரும்பாலும் ரெண்டு தடவை ஃபாலிக்கிள் கூட்டமா கிளம்பி அதுல ஒண்ணு மட்டும் 10 மில்லிமீட்டர் தாண்டி வளரும் இல்லையா, சினை ஆரம்பத்துலயும் அதே மாதிரி கிளம்பிட்டுதான் இருக்கும். ஆனா முன்ன முட்டை வெடிச்ச இடத்துல உண்டான கார்பஸ் லூட்டியம்ங்கிற கட்டி, சினைய காக்கற புரோஜெஸ்டிரான் ஹார்மோன சுரந்துகிட்டே இருக்கறதால பெரிய ஃபாலிக்கிள் வெடிக்காம சுருங்கிடும், அடுத்த கூட்டம் வரும். எருமைக்கு இந்த கார்பஸ் லூட்டியம் பசுவுக்கு மாதிரி துருத்திட்டு நிக்காது, ஓவரிக்குள்ள புதைஞ்சு கிடக்கும், கைக்கு ஃபாலிக்கிள் சிக்கும் அது சிக்காது. ஏமாந்து போறது இங்கதான்.

சரி, என்ன பண்ணணும்? ஊசி போட்ட தேதிய தொழுவத்துலயே எழுதி வைங்க. சினை நிக்கலைன்னா திரும்ப பருவத்துக்கு வர்ற 18ல இருந்து 24 நாள் வரைக்கும் ராத்திரியும் விடியக்காலையும் போய் பாருங்க, எருமை பகல்ல பெருசா காட்டாது. அடிக்கடி மூத்திரம், பிறப்புறுப்பு வீங்கறது, படுக்கும்போது கண்ணாடி மாதிரி சளி வழியறது, இதெல்லாம் சேர்ந்து இருந்தா பருவம்னு நம்பலாம், ஒண்ணு மட்டும் லேசா இருந்தா நம்பாதீங்க, சினை மாடே சில சமயம் அப்படி காட்டும். டாக்டர கூப்பிட்டு கருப்பை வாய் இறுக மூடியிருக்கா, சளி கெட்டியா பிசின் மாதிரி இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க, அப்படி இருந்தா சினையா இருக்கலாம், விந்து விடற ஊசிக்குழாய உள்ள விடவே வேண்டாம். சந்தேகத்தோட மறு ஊசி போட்டே ஆகணும்னா கருப்பைக்குள்ள போகாம கருப்பை வாய் நடுவுலயே விந்த விடச் சொல்லுங்க, ஒருவேளை சினையா இருந்தா பொழைக்கும்.

30 நாள் தாண்டினா ஸ்கேன்தான் பெஸ்ட். ஓவரிய மட்டும் பாத்து முடிவு பண்ண விடாதீங்க, கருப்பைல தண்ணிப்பையும் கன்னோட இதயத் துடிப்பும் தெரியுதான்னு கேளுங்க. ஸ்கேன் கிடைக்காத ஊர்ல 60 நாள் வரை பொறுத்து கை விட்டுப் பாக்கறது பரவால்ல. அதுவரை புராஸ்டாகிளாண்டின் ஊசி பக்கமே போகாதீங்க, என் எருமைக்கு போட்டது அதுதான், கார்பஸ் லூட்டியத்த கரைச்சு சினைய தள்ளிடும்.

மறு ஊசி போட்டாலும் முதல் தேதிய அழிக்காதீங்க, முர்ராவுக்கு சினைக்காலம் கிட்டத்தட்ட 310 நாள், முதல் ஊசிக் கணக்குக்கே கன்னு போட்டா பால வத்த வைக்கவே டைம் இருக்காது.